நாலு பக்கமும் விழுந்த பார்டர்

பிரிண்டரை நம்பிப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, திரையில் லட்சணமாக இருப்பது தாளில் மூளியாக வந்து விழும் வயிற்றெரிச்சலை உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

அச்சகக்காரர் பறந்தார்

எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நாடி நகரத்தில் என் இன்டர்நெட் கடையில் கூட்டம் நெரிந்தது. எல்லாம் நாட்டை விட்டுப் போக விசா ஃபாரம்தான். கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த அச்சகக்காரரும் குடும்பத்தோடு சிட்னிக்குப் பறந்துவிட்டார். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ட்ராசா கிராமத்திலிருந்து பஸ் ஏறி என்னிடம் வந்தார் சாவித்திரி அக்கா. மகள் ராதாவுக்கு ஆக்லாந்து மாப்பிள்ளை; பத்து நாள் லீவில் வந்திருந்தான். அன்று மத்தியானமே கோயிலில் பத்திரிகை வைத்துப் பூஜை.

அரக்குச் சிவப்பில் பூக்கொடி பார்டர் போட்ட ஒரு மாதிரியை வெப்சைட்டில் பார்த்து அக்கா மயங்கிவிட்டார். பெயர்களை அடித்துக்கொண்டே, "கவலைப்படாதீங்கக்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்றேன். என் வாய்க்கொழுப்பு!

"சம்பந்தியம்மா குத்தம் கண்டுபிடிக்கிறதுல கில்லாடிம்மா. ஒரு குறை இருந்தாலும் கல்யாணத்தை அடுத்த லீவுக்குத் தள்ளிடுவாங்க. அடுத்த லீவு எப்போன்னு அந்தப் பையனுக்கே தெரியாது" என்றார் அக்கா.

பார்டரைக் காணோம்

பிரிண்ட் கொடுத்தேன். எழுத்து வந்தது, பார்டர் வரவில்லை. மறுபடி கொடுத்தேன். மறுபடி மொட்டை. பிரிண்டரின் முதுகில் ஒரு தட்டு தட்டினேன், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் பிரவுசரின் செட்டிங்கைக் குடைந்து பார்த்தால், பின்னணி நிறமும் படமும் அச்சாக வேண்டும் என்கிற கட்டத்தில் டிக் இல்லை! பார்டர் பின்னணிப் படமாம். மை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுமாம். இந்தச் சிக்கனத்தை யார் கேட்டது?

டிக் போட்டேன். பூக்கொடி ஜம்மென்று வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாளை நீட்டினேன். அக்கா அதை மேலும் கீழும் பார்த்தார்.

"மேலே பூ இருக்கு, ரெண்டு பக்கமும் இருக்கு, கீழே எங்கேம்மா? கரை இல்லாத சேலையை யாராவது முகூர்த்தத்துக்குக் கட்டுவாங்களா?"

அடிக்கொடி ஓடிப்போனது

கீழே பூவுக்குப் பதில் வெப்சைட்டின் முகவரியும் தேதியும் இருந்தன. ஹெடர், ஃபுட்டர் இரண்டையும் அழித்தேன். மார்ஜினைக் குறைத்தேன். அப்போதும் அடிக்கொடி மட்டும் தனியாக அடுத்த தாளில் போய் உட்கார்ந்துகொண்டது. மணி பதினொன்று. அக்கா முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் டாக்சி ஓட்டும் முனுசாமி அண்ணன் தன் விசா ஃபாரத்தோடு காத்திருந்தார். பொழுது போகாமல் அதிலுள்ள விதிமுறைகளை எழுத்துக்கூட்டிப் படித்தவர் நிமிர்ந்தார்.

"ஏம்மா, ஏ-ஃபோர் தாள்லதான் தரணும்னு போட்டிருக்கானே, உன் மிஷினுக்கு அது தெரியுமா?"

சம்பந்தியம்மா வந்தார்

தெரியவில்லை! பேப்பர் அளவு அமெரிக்க லெட்டர் என்று இருந்தது. அது நம் தாளைவிடக் குட்டை. அண்ணன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்! அளவை ஏ-ஃபோர் ஆக்கினேன். தாளின் ஓரம் வரைக்கும் பிரிண்டருக்கு எட்டாது என்பதால் எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கினேன். கலர் மை தீர்ந்தால் தலைநகர் சுவாவிலிருந்து வர வேண்டும். ஐம்பது பத்திரிகைக்கு மிச்சம் பிடிப்போமே என்று சோதனைத் தாளைக் கறுப்பு வெள்ளையில் விட்டேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. பார்டர் நாலு பக்கமும் கச்சிதமாக விழுந்தது, கன்னங்கரேல் என்று.

அந்த நேரம் பார்த்து, கோயிலுக்குப் போகிற வழியில் சம்பந்தியம்மா பூஜைக் கூடையோடு உள்ளே நுழைந்து, முதல் வேலையாக அந்தத் தாளைத்தான் எடுத்தார். "கறுப்புக் கட்டம் போட்டிருக்கே, இதென்ன கருமாதிப் பத்திரிகையா?" அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தியம்மா வாசலை நோக்கித் திரும்பிவிட்டார்.

"அம்மா, ஒரே நிமிஷம்!" என்று கத்தினேன். கலருக்கு மாற்றி பட்டனை அமுக்கினேன். அந்தப் பாழாய்ப்போன பிரிண்டர் அங்குலம் அங்குலமாகத் தாளைத் தள்ளியது. அரக்குச் சிவப்பு. மேலே, இரண்டு பக்கமும், கீழேயும்! சம்பந்தியம்மா நாலு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். கூடையிலிருந்து மஞ்சளை எடுத்து, பார்டருக்கு வெளியே இருந்த வெள்ளை மூலைகளில் ஒவ்வொன்றாகத் தடவினார். மை கலைந்துவிடுமோ என்று என் உயிர் போய்த் திரும்பி வந்தது. ஒரு பூகூடக் கலையவில்லை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நானும்தான் அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

"மூலையில மஞ்சளுக்கு இடம் விட்டு அடிச்சிருக்கா பாரு, விவரம் தெரிஞ்ச பொண்ணு! சாவித்திரி, அழுதது போதும், கல்யாண வேலையைப் பாருங்க."

இடம் விட்டது நானல்ல, ஓரத்தை எட்ட முடியாத அந்தப் பிரிண்டர்தான் என்பதைப் பற்றி இன்றுவரை நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.