பெருகிய கல்

அரண்மனை வேலை என்றாலே எனக்கு அலுப்பு. பார்க்கிறவர்களுக்கு ராஜ நகை, சிவப்புக் கல், தங்கம். எனக்கு முதுகுவலியும் அரக்குப் புகையும். யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. நகைக்குக் கல் கட்டுவது என் தொழில். மதுரை ஆவணி மூல வீதியில் பட்டறை. ஆனால் ஜமீன் நகை படி தாண்டி வராது. நாம்தான் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு, விளாங்குடிக்கும் அப்பால் மாட்டு வண்டியில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். எதிரே ஓர் ஆள் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் வேட்டியை உதறிக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கலாம்.

அந்த முறை ஜமீன்தாரின் கடைசி மகளுக்குக் கல்யாணம். கொண்டையில் வைக்கும் பழைய ராக்கொடியைப் புதுப்பிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய அரக்கைச் சுரண்டி, கல்லுக்கு அடியில் பளபளப்பான தாள் வைத்து, சுற்றிலும் மெல்லிய தங்கத் தகட்டை எஃகு ஊசியால் அழுத்தி அழுத்தி இறுக்க வேண்டும். கண் பிதுங்கிவிடும். நடுவில் ஒரு பெரிய சிவப்புக் கெம்பு. அதற்குள் கீறல் ஓடியிருந்ததை ஜமீன் காரியஸ்தரிடம் முதலிலேயே காட்டியிருந்தேன். பதனமாகத்தான் அழுத்தினேன். டக்கென்று இரண்டாகிவிட்டது.

கல்யாண வீட்டில் உடைந்தது என்று சொல்லலாமா? தாலிக் கயிறு அறுந்தால் பெண்கள் ‘பெருகிவிட்டது’ என்பார்கள். எங்கள் பட்டறையில் கல்லுக்கும் அதே சொல்தான். “நடுக்கல்லு பெருகிருச்சுங்க” என்றேன். காரியஸ்தர் அதை அப்படியே உள்ளே போய்ச் சொன்னார். ஜமீன்தாருக்குப் பட்டறைப் பேச்சு எங்கே தெரியும்? கல் வளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். நல்ல சகுனம் என்று வீடு முழுக்கச் சர்க்கரை கொடுக்கச் சொன்னார். எனக்கும் ஒரு கை கிடைத்தது. வாயில் போட்டுக்கொண்டு, இனி என்ன செய்வது என்று விழித்தேன்.

வளர்ந்த கல்லைப் பார்க்கக் கல்யாணப் பெண்ணே வந்தாள். பதினாறு வயதிருக்கும். காவல் ஆள் எழுந்து தள்ளி நின்றான். ராக்கொடியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“இது எங்கண்ணே பெருகியிருக்கு? உடைஞ்சுல்ல கெடக்கு!”

“மெதுவாப் பேசுங்க தாயி. அதைத்தான் அப்பிடிச் சொன்னேன்.”

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அப்பாகிட்ட உடைஞ்சுருச்சுன்னே சொல்லுங்கண்ணே. அபசகுனம்னு கல்யாணத்தை நிறுத்திருவாக. மாப்பிள்ளைக்கு எங்கப்பாவை விட வயசு கூட. ரெண்டு சம்சாரம் செத்து, நான் மூணாவது.”

எனக்கு எரிச்சலாக வந்தது. கல் கட்ட வந்தவன் தலையில் இதை ஏன் கட்டுகிறாள்? ஆனால் ராக்கொடியைத் திருப்பித் தராமல் பிடித்துக்கொண்டே நின்றாள். சரி என்றேன்.

கூடத்தில் ஜமீன்தாரும் அவர் மனைவியும் இருந்தார்கள். “மகராசா, கல்லு வளரலை. உடைஞ்சுபோச்சு” என்றேன். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அடி விழும், அந்தப் பிள்ளை தப்பித்துவிடும் என்றே நினைத்தேன். ஜமீன்தார் காரியஸ்தரைப் பார்த்தார். கீறலை நான் காட்டியது உண்மை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஜமீன்தார் மீசையைத் தடவிக்கொண்டே மனைவி பக்கம் திரும்பினார்.

“ஒன் பதக்கத்துல இம்புட்டுப் பெருசுல ஒண்ணு இருக்குல்ல? கழட்டிக் குடு.” பிறகு என்னிடம், “மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேணாம். இன்னைக்கே வச்சு முடி” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பதக்கத்துக் கல்லைக் கழற்றி நானே பதித்தேன். அப்படி இறுக்கமாக அதுவரை ஒரு கல்லும் கட்டியதில்லை. கோபமெல்லாம் கையில் இறங்கியிருந்தது. முடிந்ததும் அளவு பார்க்க அவளை அழைத்து வந்தார்கள். கொண்டையில் வைத்துப் பார்க்கத் தலையைக் குனிந்து கொடுத்தாள். குனிந்தபடியே கேட்டாள்:

“இந்தக் கல்லு உடையாதாண்ணே?”

“உடையாது தாயி” என்றேன்.