பன்னிரண்டும் இருபத்து நாலும்

என் தம்பியை எங்கள் தெருவில் ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பேட்டரி புதுசு என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும், சட்டைப்பையிலிருந்து வோல்ட் பார்க்கிற மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்த பிறகுதான் வாங்குவான். அவன் பொறுமையில் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் உயிர் போகும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அவன் வீட்டுச் சார்ஜர் எதுவும் இன்னொரு சாமானில் நுழையாது. வோல்ட் வேறு என்றால் பின்னும் வேறாக இருக்க வேண்டுமாம். வாங்கிய அன்றைக்கே ஒயரை வெட்டி வேறு பின் வைத்துவிடுவான். "ஒரு அவசரத்துக்கு உங்க வீட்டுல எதையாவது எதுலயாவது மாட்ட முடியுதாடா?" என்று நான் திட்டாத நாளில்லை. "அதுக்குத்தானே மாத்தறேன்" என்பான், சிரிக்காமல்.

நான் பின்னறையில் காளான் வளர்க்கிறேன். கூரையிலிருந்து நூற்றிருபது பைகள் தொங்கும். அறையில் ஈரப்பதம் எண்பத்தைந்துக்குக் கீழே போனால் மொட்டுகள் ஓரம் காய்ந்து வெடித்துவிடும். அதற்காக மூலையில் ஒரு பனி மிஷின் உண்டு. தண்ணீரைப் புகை மாதிரி ஊதித் தள்ளும். மணிக்கொரு தரம் நான் போய்ப் பத்து நிமிடம் ஓட விட்டு நிறுத்த வேண்டும். கைக்குழந்தையை வைத்திருக்கிறவள்கூட என்னைவிடச் சுதந்திரமாக வெளியே போய் வருவாள்.

என் வீட்டுக்காரருக்கு ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் வருவார். அவர் அங்கே எடுத்திருக்கும் அறையை நான் பார்த்ததே இல்லை. "மூணு நாள் வந்து இருந்துட்டுப் போயேன்" என்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் எட்டு மாதமாகக் காளானைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதெல்லாம் எனக்கே அழுகை வரும்.

தம்பிதான் வழி சொன்னான். ஈரம் குறைந்தால் மிஷினைத் தானாகவே போட்டு, கூடினால் நிறுத்துகிற ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம். நான் ஊருக்குப் போகிற வெள்ளிக்கிழமை காலையில் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "தொடாதே. மதியம் வந்து மாட்டறேன்" என்று வேலைக்குப் போனான். பஸ் நாலு மணிக்கு.

பதினொரு மணிக்கெல்லாம் எனக்குக் கை பரபரத்தது. பெட்டியின் பின்னால் ஒரு ஓட்டை. பனி மிஷினின் அடாப்டர் பின்னை வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உள்ளே போனது. இதற்கா ஒரு ஆள் லீவு போட்டு வர வேண்டும் என்று சுவிட்சைப் போட்டேன்.

சிவப்பு எண் ஒரு நொடி தெரிந்தது. பிறகு எண் போய், கருகிய வாடைதான் இருந்தது. பெட்டியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

ஒன்றரை மணிக்கு வந்தவன் பெட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான்.

"அக்கா, சொருகினியா?"

"நான் ஏன்டா அதைத் தொடறேன்? கடைக்காரன் உனக்குக் கெட்டுப்போனதைக் குடுத்திருப்பான்."

அவன் மிஷினின் அடாப்டரில் மீட்டரை வைத்து என்னிடம் காட்டினான். இருபத்து நாலு. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் பன்னிரண்டு வோல்ட் என்று போட்டிருந்தது. நான் திருதிருவென்று விழித்தேன். உடனே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊரெல்லாம் பின்னை மாத்தறவன், இதை மட்டும் ஏன்டா மாத்தாம வெச்சுட்டுப் போனே? இப்ப நான் அவருக்கு என்னடா பதில் சொல்றது?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவன் பையைத் திறந்து, அதே மாதிரி இன்னொரு பெட்டியை எடுத்தான்.

"ரெண்டு வாங்கினேன். உன்னை எனக்குத் தெரியாதா?"

சிரிப்பதா, தலையில் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. அவன் வேலையை ஆரம்பித்துவிட்டான். பெட்டிக்கென்று தனியாக ஒரு பன்னிரண்டு வோல்ட் அடாப்டர். மிஷினுக்கு அதன் பழைய இருபத்து நாலு. அந்த ஒயரின் இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும் வெட்டிப் பெட்டிக்குள் விட்டு எடுத்தான்.

"பெட்டி மிஷினுக்குக் கரன்ட்டு குடுக்காதுக்கா. உனக்குப் பதிலா சுவிட்ச்சு போடும், அவ்வளவுதான். அதுக்குச் சாப்பாடு வேற, இதுக்குச் சாப்பாடு வேற."

கடைசியில் இரண்டு அடாப்டர்களுக்கும் வேறு வேறு பின் வைத்தான், ஒன்று உருண்டை, ஒன்று சதுரம். இந்தத் தடவை நான் திட்டவில்லை.

கதவைத் திறந்து வைத்தான். பெட்டியில் ஈரப்பதத்தின் எண் மெல்ல இறங்கி எண்பத்து நாலுக்கு வந்ததும் டக்கென்று சத்தம் கேட்டது. மிஷின் ஊத ஆரம்பித்தது. கதவை மூடினோம். தொண்ணூறில் மறுபடி டக். நான் என் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் போனேன்.

"இரு. லிஃப்ட்டையே மூணு தரம் ஏத்தி இறக்கிப் பாத்துட்டுத்தான் ஆளை விடுவேன்."

மணி மூன்று. மூன்று தரமும் பார்த்தான். மூன்றே முக்காலுக்குத்தான் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பறந்தான். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன், ஆனால் மனசு லேசாக இருந்தது.

மறுநாள் காலை அவர் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, அலமாரியில் இரண்டு டம்ளர்கள். மணி ஒன்பது ஆனதும் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டேன். காலையில் காளானை எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்த தம்பிக்குப் போன் போட்டேன்.

"எண்பத்தெட்டு. நீ உக்காருக்கா."

உட்கார்ந்தேன். அவர் காப்பி கலக்க டம்ளர்களை எடுத்தார். ஒன்று தேய்ந்து பழசாகியிருந்தது. இன்னொன்றில் கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூட அப்படியே இருந்தது.

"இது எப்ப வாங்கினீங்க?"

"இங்க வந்த அன்னிக்கே. ரெண்டாத்தான் வாங்கினேன்."

அந்தச் சீட்டை நகத்தால் மெதுவாக உரித்தேன். நன்றாக ஒட்டிப்போயிருந்தது; உரிக்க வெகு நேரம் ஆயிற்று. எனக்கு எங்கேயும் எழுந்து போக வேண்டியிருக்கவில்லை.