டியூப் மட்டத்தின் மறுமுனை

எங்கள் மனை கண்மாய்க் கலுங்குக்குக் கீழே இருக்கிறது. கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் தண்ணீர் எங்கள் பக்கமாகத்தான் ஓடும். ஓட்டு வீட்டைப் பிரித்துப் புதுவீடு கட்ட பிளான் அப்ரூவல் கேட்டபோது, தண்ணீர் நின்ற உச்ச மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்த்தித்தான் தரை போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பேஸ்மட்டம் முடிந்ததும் ஓவர்சியர் வந்து அளப்பார். குறைந்தால் கையெழுத்து கிடையாது. எங்கள் வீட்டில் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்று முறை படித்தேன். இதில் யாரோ விளையாடப் போகிறார்கள் என்று அப்போதே தோன்றிவிட்டது.

தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு உயரம் சொன்னார்கள். மனை விற்க நினைப்பவர்களுக்குக் கணுக்கால். நிவாரணத்துக்கு மனு எழுதியவர்களுக்கு இடுப்பு. மேற்கே ஒட்டிய வீடு அப்பாவின் அண்ணனுடையது. அந்தப் பெரியப்பா, தன் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே இல்லை என்று சாதித்தார். தாளைக் காட்டினேன்.

"தண்ணி வந்தா இதை அதுகிட்டக் காட்டுடா. படிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போயிரும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மனை உயர்ந்தால் அவர் வாசல் தண்ணீர் இங்கிட்டு வடியாது. அதுதான் அவருக்குக் கவலை என்று முடிவுகட்டினேன்.

எதிரே பிள்ளையார் கோயில் சுவரில், பெயின்ட் படாத மூலையில் பழைய தண்ணீர்க் கறை இருந்தது. கொத்தனார் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கறைக்கு நேராகச் சித்தாளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை எங்கள் மனை மூலைகளில் அடித்திருந்த முளைக்குச்சிகளில் வைத்துப் பார்த்தார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், பொய் சொல்லாது. அதற்கு மேல் ஓரடி அளந்து, நான்கு மூலையிலும் நீலக் கோடு போட்டோம். கோட்டை நான்தான் போட்டேன். யாராவது குறைப்பார்கள் என்ற பயத்தில், ஒருவருக்கும் சொல்லாமல் நாலு விரல் கூட்டியே போட்டேன்.

மறுநாள் காலையில் நான்கு கோடும் ஒரு முழம் கீழே இருந்தன. பழைய கோட்டைத் தேய்த்து அழித்திருந்தார்கள்.

கொத்தனார் தினமும் பெரியப்பா வீட்டில் டீ குடிப்பவர். அவரைக் கேட்டேன். "எங்கிட்ட என்னத்தைக் கேக்குறீங்க தம்பி, உங்க வீட்டு முளை" என்று சாந்து குழைக்கப் போய்விட்டார். கோட்டைப் பழைய இடத்திலேயே மறுபடி போட்டேன். அடுத்த நாளும் கீழே இறங்கியிருந்தது.

அன்றைக்குத்தான் டியூபைக் கவனித்தேன். கொத்தனார் சாயந்திரம் தண்ணீரைக் கொட்டி, சுருட்டி, எங்கள் கொட்டகை ஆணியில்தான் மாட்டிவிட்டுப் போவார். காலையில் அது தண்ணீரோடு கனமாகத் தொங்கியது. கொட்டகையில் படுப்பவர் அப்பா.

கேட்டதும் அவர் மறைக்கவில்லை. "மேக்க அண்ணன் வீடு, கெழக்க தம்பி வீடு. அண்ணன் தரைக்கு மேல எந்தரை ஒசரலாமாப்பா? ஊருல மூஞ்சி காட்ட வேணாமா?"

ஓவர்சியர், கையெழுத்து, அடுத்த மழை எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாரே தவிர இறங்கி வரவில்லை. டியூபை ஒற்றை ஆளாகப் பிடிக்க முடியாதே என்பது அப்போதுதான் உறைத்தது.

"அடுத்த முனையை யாருப்பா புடிச்சது?"

அப்பா மேற்கே பார்த்தார்.

பெரியப்பாவிடம் போனேன். அவர் கூசவும் இல்லை. "நாந்தான் புடிச்சேன். ஒங்கப்பன் வந்து நின்னான், மாட்டேன்னா சொல்றது? எந் நெலைப்படி மட்டத்துக்கு வச்சோம்." பிறகு பீரோவை ஒரு பக்கமாக நகர்த்தினார். சுண்ணாம்புக்கு அடியில், கணுக்கால் உயரத்தில், கோயில் சுவரில் இருந்த அதே பழுப்புக் கறை.

"பொண்ணு பாக்க வர்றவுகளுக்கு இதைக் காட்டவா முடியும்?" என்றார். அவர் மகளுக்கு, எனக்கு அக்கா, வரன் பார்த்துக்கொண்டிருந்த வருஷம் அது.

பிறகு, "நீ ஒங்கோட்டுலயே கட்டு. நான் மேல ஏத்திக்கிறேன்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அன்றிலிருந்து டியூபை என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பேஸ்மட்டம் முடிந்து ஓவர்சியர் அளந்து கையெழுத்துப் போட்டார். எங்கள் மேல்தளம் போட்டு முடிந்த வாரமே கொத்தனார் பெரியப்பா வீட்டு மாடியில் ஏறிக் கைப்பிடிச் சுவரை நாலு வரிசை செங்கல் உயர்த்தினார். தெருவில் நின்று பார்த்தால் அண்ணன் வீடுதான் உயரம். அப்பா தெருவில் நின்று இரண்டு முறை பார்த்துவிட்டு வந்தார்.

ஐப்பசியில் கலுங்கு வழிந்தது. மத்தியானத்துக்குள் பெரியப்பாவின் நிலைப்படியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. அப்பாவும் அவரும் ஆளுக்கொரு முனை பிடித்து நெல்மூட்டையை எங்கள் படியில் ஏற்றினார்கள். மேலே வந்ததும் பெரியப்பா மூச்சு வாங்கியபடி தரையைப் பார்த்தார்.

"தாள்ல ஓரடிதான போட்டிருந்துச்சு? நாலு வெரக்கட கூட இருக்கேடா."

நான் மூட்டையைச் சுவரோரமாகத் தள்ளினேன்.

"டியூப் புடிச்ச அன்னைக்கே ஒங்கோட்டைப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்கு இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன்.