பிரிஸில்லா திரும்ப வாங்கி வந்த கடலை மிட்டாய்

மர்பி டவுனில் பிரிஸில்லாவின் கடலை மிட்டாய்க்கு ஒரு பேர் உண்டு. வேலை பார்த்த கார்மெண்ட்ஸ் கம்பெனி மூடிய பிறகு வீட்டு முன்னறையில் ஒற்றை அடுப்போடு ஆரம்பித்தாள். எட்டு வருஷத்தில் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தாள். காக்ஸ் டவுனில் ஒரு பெரிய கடை அவள் மிட்டாயை விற்கச் சம்மதித்து, லேப் ரிப்போர்ட் மட்டும் கேட்டது. அது வெறும் சம்பிரதாயம் என்றுதான் நினைத்தாள்.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்று லேபில் ஷோபா என்ற பெண் அவளை உட்காரவைத்துப் பேசினாள்.

“ஆன்ட்டி, கடலைல பூஞ்சணம் பிடிச்சா அதுல ஒரு விஷம் உண்டாகும். அஃப்லாடாக்சின்னு பேரு. உங்க மிட்டாய்ல அது அளவுக்கு மேல இருக்கு.”

“நல்லா செவக்க வறுத்துதானேம்மா போடறேன்?”

“வறுத்தா பூஞ்சணம் சாகும், விஷம் முழுசா போகாது. ஒரு துண்டு தின்னா ஒண்ணும் தெரியாது ஆன்ட்டி. நாள்பட தின்னா ஈரலைக் கெடுக்கும்.”

பிரிஸில்லா ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதே கடலையில் செய்த நாற்பது பாக்கெட் அன்று காலைதான் நர்சரி ஸ்கூலுக்குப் போயிருந்தது.

வெளியே ஸ்கூட்டரோடு நின்ற அவள் கணவன் மைக்கேல்ராஜ், “ஃபோன் பண்ணி சொல்லிடலாமே” என்றான்.

“ஃபோன்ல சொல்ற விஷயமா இது? வண்டிய எடுங்க.”

ஹெட்மிஸ்ட்ரஸ் கேத்தரினிடம் ரிப்போர்ட்டை அப்படியே நீட்டினாள். “மிஸ், இதைப் பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க. என் கடலைல தப்பு இருக்கு.”

“ரெண்டு பாக்கெட் பிரிச்சுக் குடுத்துட்டோமே, பிரிஸில்லா.”

ஒரு துண்டால் ஒன்றும் தெரியாது, நாள்பட்டால்தான் ஈரலைக் கெடுக்கும் என்று ஷோபா சொன்னதை அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். கேத்தரின் கோபப்படவில்லை. “நீங்களா வந்து சொன்னீங்க, சரி. ஆனா பேரன்ட்ஸ்கிட்ட நான் சொல்லியாகணும். இனிமே ஆர்டர் குடுக்க முடியுமான்னு தெரியல.”

மிச்சப் பாக்கெட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பிரிஸில்லா வீடு திரும்பினாள்.

மறுநாள் அத்திபெலேக்குப் போனாள். அங்கே சந்திரம்மாவின் மெஷினில் ஓடு உடைத்த பருப்பைத்தான் அவள் வழக்கமாக வாங்குவது. மெஷினில் போடும் முன் காய்க் குவியல் மேல் ஒருத்தி குடம் குடமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்குக்கா தண்ணி?” என்று சந்திரம்மாவைக் கேட்டாள்.

“ஸ்வல்ப, கொஞ்சம்தான் தெளிக்கிறோம். காஞ்ச காயைப் போட்டா பருப்பு ரெண்டா உடைஞ்சுடும். உடைஞ்சத நீயே வேணாம்பே.”

உண்மைதான். முழுப் பருப்பாக வேண்டும் என்று எட்டு வருஷமாக நச்சரித்தவள் அவளேதான். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் உள்ளே என்ன நடக்கும் என்று அவளும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

“இனிமே எனக்குக் காயாவே குடுங்கக்கா. தண்ணி படாத காய். கையாலயே உடைச்சுக்கறேன்.”

“உனக்கென்ன ஹுச்சு, பைத்தியம் பிடிச்சிருக்கா? எத்தனை மூட்டை கையால உடைப்பே?” என்று சிரித்தாலும், நன்றாகக் காய்ந்த காயாகப் பார்த்துத்தான் கொடுத்தாள் சந்திரம்மா.

முன்னறையில் மூட்டைகள் சுவரை விட்டுத் தள்ளி, மரப் பலகை மேல் ஏறின. அவளும் வேலைக்கு இருந்த இரண்டு பெண்களும் காயை உடைத்து, சூம்பியது, கறுத்தது, முளைவிட்டது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தார்கள். கார்மெண்ட்ஸில் சட்டைகளை செக் பண்ணிய கண் பிரிஸில்லாவுக்கு. ஒரு சொத்தையும் தப்பாது. எண்ணெய்ச் செக்குக்காரர் ஒருவர் அந்தக் கழிவை விலைக்குக் கேட்டு வந்தார்.

“எண்ணெயையும் மனுஷங்கதானே அண்ணே சாப்பிடறாங்க?” என்று அனுப்பிவிட்டாள். மாடும் வாய் வைக்காதபடி அதில் பினாயில் ஊற்றிக் குப்பை வண்டியில் போட்டாள்.

அடுத்த ரிப்போர்ட் அளவுக்குள் வந்தது. காக்ஸ் டவுன் கடை மிட்டாயை எடுத்துக்கொண்டது. கையால் உடைப்பதால் முன்பு செய்ததில் பாதிதான் இப்போது முடிகிறது. ஸ்கூல் ஆர்டர் இன்னும் வரவில்லை. அதற்காகக் கேத்தரின் மேல் அவளுக்கு வருத்தமும் இல்லை. மழைக் காலத்தில் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பாள். ஈரம் தட்டினால் வண்டியிலிருந்து இறக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாள். சந்திரம்மா ஃபோனில் கன்னடத்தில் திட்டுவாள். திட்டிவிட்டு வேறு மூட்டை அனுப்புவாள்.