துண்டு தொங்கிய கம்பி

பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்பதுதான் அவருடைய கெத்து. ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை. வளைவில் வண்டி சாய்ந்தால் இடுப்பைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் தள்ளுவார், அவ்வளவுதான். "பிடிச்சு நில்லுங்க, பிடிச்சு நில்லுங்க" என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன், தான் மட்டும் கம்பியைத் தொட்டதில்லை. கால் தரையில் ஒட்டியதுபோல் நிற்பதால், கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பல்லி'.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் திமிர் இறங்கவில்லை. மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டபோது, மகள் குளியலறைச் சுவரில் எவர்சில்வர் கம்பி பதித்துக் கொடுத்தாள்.

"அம்மாவுக்கு மட்டும் இல்லப்பா, உங்களுக்கும் சேர்த்துதான்."

"ஓடுற பஸ்லயே நின்னவன், ஓடாத பாத்ரூம்ல விழுந்துடுவேனா?" என்று சிரித்துவிட்டு, அதில் ஈரத்துண்டைக் காயப்போட்டார். மனைவியையும் கம்பியைப் பிடித்துப் பழக விடவில்லை. "நான் இருக்கும்போது உனக்குக் கம்பி எதுக்கு?" என்று தன் கையை நீட்டுவார். அன்புதான், யார் இல்லை என்றது? ஆனால் அதில் வீம்பும் கலந்திருந்தது.

உடம்போ முன்போல் இல்லை. படுக்கையை விட்டு எழுந்ததும் தலை கிறுகிறுக்கும். தடுமாறிக் கதவில் மோதிக்கொண்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் மகள் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள் என்று பயம்.

ஒரு காலையில் மனைவியைக் குளிக்க அழைத்துப் போகும்போது, சோப்புத் தண்ணீரில் அவர் கால் வழுக்கியது. கை தன்னால் கம்பிக்குப் போனது. அகப்பட்டது துண்டு. துண்டோடு அவர் விழுந்தார், அவரைப் பிடித்திருந்தவளும் விழுந்தாள். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பல வாரம் கழித்து வாக்கர் வைத்து நடக்க ஆரம்பித்தாள். குளியலறை வாசல் குறுகல், வாக்கர் உள்ளே நுழையாது. அங்கே அவர் வழக்கம்போல் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் நீட்டிய கையை அவள் பிடிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

கம்பியில் இப்போது துண்டு இல்லை. இடக்கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலக்கையை மறுபடி நீட்டினார்.

"நல்லா பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

"இழுத்துப் பாருங்க."

இழுத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவள் கை அவர் கைக்குள் வந்தது.