சோற்றுப் பார்சலுக்கு அடியில் ஒரு கல்குலேற்றர்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்து வாசியுங்கள்.

திருகோணமலைத் துறைமுக வாசலுக்குக் கிட்ட ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். பழுதான ஃபோன் கதைக்காது என்பதால் இந்தத் தொழில் பொருந்திவிட்டது.

ஒரு மத்தியானம் அண்ணாவின் மகள் ஓடி வந்தாள். கையில் அவளுடைய தமையனின் கல்குலேற்றர். வரைபடம் கீறிக் காட்டுகிற வகை. கனடாவிலிருந்து மாமா அனுப்பியது. கம்பஸில் படிக்கிற தமையன் அதை லேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருப்பான், ஒருவரையும் தொட விடமாட்டான். போட்டவுடன் திரையில் குரங்குப் படம் வர வேண்டுமென்று இவள் உள்ளே இருக்கிற மென்பொருளையே மாற்றியிருக்கிறாள். குரங்கும் வரவில்லை, கணக்கும் வரவில்லை.

“நாளைக்கு அண்ணாக்குச் சோதினை, சித்தப்பா. தெரிஞ்சா என்னைக் கடலுக்குள்ள தள்ளிப்போடுவார்.”

இணையத்தில் தேடினோம். ஒரு பற்றரியைக் கழற்றி, அழிக்கிற பொத்தானை அமத்திப் பிடித்தபடி திருப்பிப் போட்டால் புது மென்பொருளை ஏற்குமாம். அப்படியே திரையில் எழுத்து வந்தது. ஆனால் கணினியோடு இணைக்கப் பார்த்தால், கடையில் கிடந்த வயர்கள் எல்லாம் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவின. கடைசியில் ஒரு பழைய கமராவின் வயர் சரிவந்தது. கணினியிலிருந்து மென்பொருள் ஏறத் தொடங்கியது. முடியும்வரை வயரைக் கழற்றக் கூடாது.

அந்த நேரம் பார்த்து வாசலில் தமையனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நான் சோற்றுப் பார்சலைக் கல்குலேற்றரின் மேல் விரித்து, பசியில்லாமலே பிசையத் தொடங்கினேன்.

அவன் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தான். பார்சலுக்கு அடியிலிருந்து கணினிக்குப் போகிற வயரைப் பார்த்தான்.

“என்ன சித்தப்பா, சோத்துக்கும் சார்ஜ் போடுறீங்களோ?”

“ஓம்,” என்றேன். இன்னும் கொஞ்சம் பிசைந்தேன்.

தங்கச்சிக்காரி சிரிப்பை அடக்க ஏலாமல் அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டாள். அவன் பார்சலைத் தூக்கிப் பார்த்தான். நல்ல காலம், மென்பொருள் முழுதும் ஏறியிருந்தது. அவன் பொத்தான்களை அமத்தி அமத்தி எதையோ தேடினான். முகம் வாடிப்போனது.

“இதில இருந்ததெல்லாம் அழிஞ்சு போயிட்டுதோ?”

“என்ன இருந்தது? கணக்குத்தானே?” என்றாள் அவள், அலுமாரிக்குப் பின்னாலிருந்து.

அவன் அவளைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டு என் காதருகே குனிந்தான்.

“அதில ஒரு பாம்பு விளையாட்டு வச்சிருந்தனான், சித்தப்பா. சோதினை முடியத் திருப்பிப் போட்டுத் தருவீங்களோ? அவளுக்குச் சொல்லாதேங்கோ.”

தலையாட்டினேன். திரும்பி வந்தவள், அண்ணா என்ன சொன்னவர் என்று கேட்டாள். வாய் நிறையச் சோறு இருந்தது எனக்கு வசதியாய்ப் போயிற்று.

எழுதியது ஆவணி ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.