ஒற்றை ஆளுக்கு வைத்த ஸ்பிரிங்

கம்பம் பள்ளத்தாக்கில் காயில்ஓவர் போட்ட முதல் கார் என்னுடையதுதான். இல்லை என்கிறவன் வண்டியோடு வந்து நிற்கட்டும், பார்த்துக்கொள்ளலாம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஓடைப்பட்டியில் திராட்சைப் பெட்டி சுமந்து லாரியில் ஏற்றினேன். பிறகு அதே லாரியை வாங்கினேன். பிறகு தோட்டம், பிறகு உத்தமபாளையத்தில் மாடி வீடு. கார் வாங்கியபோது டிரைவர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் ஸ்டியரிங்கில் இன்னொருத்தன் கை எதற்கு?

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் அந்தக் காரின் முன்பக்கத்தில் ஒரு சத்தம் வந்தது. வேகத்தடையில் ஏறினால் 'டொக்' என்று கதவைத் தட்டுவது போல் கேட்கும். வண்டியும் வலது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சமயம் கோயம்புத்தூரில் ஒரு கடையில் காயில்ஓவரைப் பார்த்தேன். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே பொருளாக, உடம்பு முழுக்கத் திருகு மரையோடு இருந்தது. அடியில் இருக்கும் வளையத்தைத் திருகினால் அந்தப் பக்கம் வண்டி ஏறும், இறங்கும்.

"ரேஸ் ஓட்டுறவங்க மாட்டுறது ஐயா, உங்களுக்கு எதுக்கு?" என்றான் கடைக்காரன்.

அவன் அப்படிக் கேட்டதற்காகவே வாங்கினேன்.

தேனியில் கம்பம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர் கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கு வேலை பார்த்துவிட்டு வந்தவர். வாய் அதிகம். வண்டியை ஏற்றி, முன்பக்கத்தைப் பிரித்து, பழைய சாமான்களைச் சாக்கு விரித்து வலது தனியாக, இடது தனியாக அடுக்கினார். இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் மெத்தையாக இருக்கும் ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட், மேலே வரும் ரப்பர் மவுண்ட், எல்லாம் இருந்தன.

"அண்ணே, ஸ்பிரிங்கு மட்டும் மாத்துனா போதும்னு வந்துட்டீகளா? புது மாப்பிள்ளைக்குக் கிழிஞ்ச சட்டையவா போடுவாக?"

"ஏம்ப்பா, ரப்பர்தானே? இன்னும் ஓடும்."

"ஓடாது. இந்த ஸ்பிரிங்கு முரட்டு ஸ்பிரிங்கு. அடி பூராவும் நேரா ரப்பர்லதான் இறங்கும். பழசைப் போட்டு மாட்டுனா நாலு குழியில கஞ்சியாயிரும். அப்புறம் நீங்க என்னையத்தான் வைவீக."

பிறகு வலது பக்கத்துப் புஷ்ஷைக் கையில் எடுத்தார். ரப்பர் வெடித்து ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. இடது பக்கத்துப் புஷ்ஷை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் கீறல்கூட இல்லை.

"நம்ம ஊர்ல இடதுதாண்ணே மொதல்ல போகும். ரோட்டோரக் குழியில விழுறது இடது டயருதான். ஒங்க வண்டியில ஓட்டுற ஆளு உக்கார்ற வலது செத்துக் கெடக்கு, இடது சிரிச்சிக்கிட்டு இருக்கு. எப்பவும் ஒத்தையாத்தான் போவீகளோ?"

"யாரு சொன்னது? வண்டி நெறைய ஆளு ஏத்திட்டுப் போறவன் நான்."

"அப்பப் புஷ்ஷு பொய் சொல்லுதாக்கும்?"

பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ரெண்டு பக்கமும் எல்லாத்தையும் புதுசா போடு. எம்புட்டு ஆனாலும் போடு" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்பது என் அனுபவம். அன்று போகவில்லை.

"போட்ருவேன். ஆனா வளையத்த லாக் பண்றப்ப, எப்பவும் போற பாரம் வண்டியில இருக்கணும். அப்பத்தான் நேரா நிக்கும். நாளைக்கு மதினியக் கூட்டிட்டு வந்துருங்க. முன் சீட்டுல உக்காந்தாகன்னா போதும்."

"வர்றோம்" என்றேன்.

என் மனைவி அப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தாள். பிரசவம் பார்க்கப் போனவள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு. மகள் வேலைக்குப் போக வேண்டும் என்றார்கள். பிறகு இரண்டாவது பிள்ளை. பிறகு மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம். திருவிழாவுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள், போவாள். ஊரில் யார் கேட்டாலும் "வர்ற மாசம் வந்துருவா" என்றுதான் சொல்லி வந்தேன். கேட்கிறவர்களும் நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

"வண்டிக்கு ஸ்பிரிங்கு மாத்துறேன். நீ வந்து உக்காரணுமாம்."

"என்னது?"

"பாரம் வேணுமாம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னைய என்ன எடைக்கல்லுன்னு நெனச்சீகளா? இதுக்குப் போயி பஸ் ஏறி வரச் சொல்றீக. ஒரு மூட்ட அரிசிய வைக்கச் சொல்லுங்க." பின்னால் குக்கர் கூவியது. "சாப்ட்டீகளா? ஓட்டல்ல காரம் பாத்துச் சாப்பிடுங்க. வேன் வர்ற நேரமாச்சு, வைக்கட்டா?"

வைத்துவிட்டாள். கார் இல்லாததால் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். வீட்டில் மாடி அறைகளின் ஜன்னலைத் திறந்துவிட்டேன். ஆள் புழங்காத அறையில் வாடை வந்துவிடும் என்று வாரத்துக்கு ஒருமுறை நான் செய்கிற வேலை அது. மற்றவர்களாக இருந்தால் அறையைப் பூட்டியே போட்டிருப்பார்கள்.

மறுநாள் தேனியில் அரிசிக் கடையில் ஒரு மூட்டை வாங்கி, ஒர்க்‌ஷாப் வரை நானே தோளில் சுமந்து போனேன். அந்த வயதிலும் மூச்சு வாங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"மதினி எங்கண்ணே?"

"அவளுக்கு முடியல. இத வச்சுக்க."

மூட்டையை இடது சீட்டில் உட்கார வைத்தேன். மெக்கானிக் ஒரு பார்வை பார்த்தார். கையில் ஸ்பேனர் தயாராக இருந்தது.

"மதினி இம்புட்டுத்தான் இருப்பாகளா? கூடவா, கொறச்சலா? சரியாச் சொன்னீகன்னா அதுக்குத் தக்க வச்சுருவேன்."

திராட்சைப் பெட்டியைத் தூக்கிய மாத்திரத்தில் எடை சொல்லுகிற கை என்னுடையது. கம்பம் மார்க்கெட்டில் என் கையை நம்பித் தராசை மாற்றியிருக்கிறார்கள். அவள் எடையை மனதுக்குள் தூக்கிப் பார்த்தேன். கல்யாணத்தின்போது ஒல்லியாக இருந்தாள். பிறகு சதை போட்டாள். இப்போது சர்க்கரை என்று மாத்திரை சாப்பிடுகிறாள், இளைத்துவிட்டதாக மகள் ஒருமுறை சொன்னாள். திருவிழாவுக்கு வந்திருந்தபோது பார்த்தேன்தான். பார்த்தும் சொல்லத் தெரியவில்லை. மூட்டையைப் பார்த்தேன். சீட்டில் அதுபாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

கதவைத் திறந்து அதைக் கீழே இறக்கினேன்.

"ஒத்த ஆளுக்கே வையி" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். டயர்காரர்கள் காதிலும் விழுந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அது சிரிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அப்ப அரிசிண்ணே?"

"பொங்கித் தின்னுங்க எல்லாரும்."

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அவர் குனிந்து குனிந்து நான்கு பக்கமும் அளந்து வளையங்களை இறுக்கினார். வண்டி நூல் பிடித்த மாதிரி நின்றது. சின்னமனூர் தாண்டும்வரை கையை விட்டுவிட்டு ஓட்டலாம் போல நேராக ஓடியது. தட்டுகிற சத்தம் அறவே போய்விட்டது. அந்தச் சத்தமும் இல்லாத காருக்குள் உட்கார்ந்து வருவதற்கு எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு அவள் வந்தாள். காலையில் தேனியில் பஸ்ஸை விட்டு இறங்கியவளை ஏற்றிக்கொண்டு பெட்ரோல் போட நிறுத்தினேன். பங்கில் சிமெண்டுத் தரை, மேடு பள்ளம் இல்லாதது. இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். அவள் பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்திருந்தது. சுற்றி வந்து மறுபடி பார்த்தேன். தாழ்ந்துதான் இருந்தது.

"என்னத்தப் பாக்குறீக?"

"டயர்ல காத்து."

"காத்துப் பாக்க எத்தன சுத்து? வெயிலாகுது, வாங்க."

மெக்கானிக் கடை வழியில்தான் இருந்தது. வளையத்தை ஒரு சுற்றுத் திருகினால் சரியாகிவிடும். வண்டியில் ஏறிக்கொண்டு, "எம்புட்டு நாள் இருப்ப?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமைக்கு டிக்கெட்டுப் போட்டுட்டாக."

கடை வாசலில் நின்ற மெக்கானிக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன், வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு விரல் இடது பக்கம் சாய்ந்தபடியே உத்தமபாளையம் போய்ச் சேர்ந்தோம். அந்தக் காரை அவ்வளவு சுகமாக நான் ஓட்டியதே இல்லை.